மேம்பாலத்தில் நின்ற டீசல் கார்

1. போன்

ரகு போன் செய்தபோது காலை ஒன்பதே கால் இருக்கும். ஒரு வண்டியின் முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"குமரேசன், ஒரகடம் மேம்பாலத்துல வண்டி நின்னுபோச்சு. பின்னாடி வந்த டிரெய்லர் இடிச்சிட்டான். பத்மாவுக்கு ஒண்ணும் இல்ல. எங்க அத்தைக்குத் தோள்ல அடி. ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு, நான் பின்னாடியே போய்கினு இருக்கேன்."

"அத்தைக்கு நினைவு இருக்குதா?" என்று கேட்டேன். அதற்குள் லைன் போய்விட்டது.

ஆறு நாளைக்கு முன்புதான் அந்தக் காரை, "வண்டியில் ஒரு கோளாறும் இல்லை" என்று சொல்லி நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

2. மூன்று முறை வந்த கம்ப்ளைன்ட்

வடக்குப்பட்டு ரோட்டில் என் ஒர்க்‌ஷாப். டீசல் வண்டி மட்டும்தான் பார்ப்பேன். இந்தத் தொழிலில் இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. எலெக்ட்ரிக்கல் வேலைக்கு யூசுப் பாய். நாங்கள் இரண்டு பேர்தான்.

பத்மாவதி மேடம் தண்டலத்தில் ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்பவர். வீடு சேரப்பணஞ்சேரி. தினமும் தானே ஓட்டிக்கொண்டு போய்வருவார். பதிமூன்று வருடமான டீசல் கார். கணவர் ரகு ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவருக்கு கம்பெனி பஸ் உண்டு.

மழைக்காலத்தில் அவர்கள் தெருவில் தண்ணீர் நின்று, டீசல் டேங்கில் தண்ணீர் போய்விட்டது. டேங்கை இறக்கி, கழுவி, காயவைத்து மாட்டிக் கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்து மேடம் திரும்ப வந்தார்.

"அண்ணே, ஓடிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு இழுக்க மாட்டேங்குது. ஆக்ஸிலேட்டரை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகல. அப்படியே ஆஃப் ஆயிடுது. ரெண்டு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது."

ஸ்கேனர் போட்டேன். ரெயில் பிரஷர் குறைந்ததாக ஒரு பழைய எரர் கோட் பதிவாகியிருந்தது. அதாவது இன்ஜினுக்குப் போகிற டீசலின் அழுத்தம் எப்போதோ விழுந்திருக்கிறது. டீசல் ஃபில்டரை மாற்றி, அந்த எரர் கோடை அழித்து அனுப்பினேன். பத்து நாளில் மறுபடி வந்தார். டீசல் லைனில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க நடுவில் கண்ணாடி மாதிரித் தெரியும் ஹோஸ் ஒன்றைப் போட்டு ஓட்டினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கனெக்டர் எல்லாவற்றையும் யூசுப் பாய் கழற்றிச் சுத்தம் செய்தார்.

மூன்றாவது முறை வந்தபோது மேடம் ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார். "நானே கவனிச்சு எழுதினேன், அண்ணே. டீசல் கால் டேங்குக்குக் கீழ இருக்கும்போதுதான் வருது. சடனா பிரேக் போட்டு மறுபடி வேகம் எடுக்கும்போது வருது."

அந்தத் தாளை வாங்கி டேஷ்போர்டில் வைத்தேன். படிக்கவில்லை. டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது வழியில் நிற்கக்கூடாதே என்று எப்போதும் போல முதலில் பங்க்குக்குப் போய் டீசல் போட்டுக்கொண்டேன். நான்கு ரவுண்ட் போனேன். மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினேன். வண்டி குதிரை மாதிரி ஓடியது.

வண்டியை எடுக்க ரகுவும் வந்திருந்தார். அவரிடம்தான் சொன்னேன். "வண்டில ஒண்ணும் இல்ல சார். மேடம் கியர் மாத்தாம ஏத்துறாங்கபோல. பழைய டீசல் வண்டி, அப்படி ஓட்டினா திணறி ஆஃப் ஆவும்."

ரகு சிரித்தார். "நான் சொன்னா எங்க கேக்கறா?"

மேடம் சிரிக்கவில்லை. "பதினோரு வருஷமா ஓட்டறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் வண்டியில் உட்கார்ந்தார்.

3. டேங்கில் இருந்தது

விபத்துக்கு மறுநாள் வண்டியை இழுத்துக்கொண்டுவந்து என் ஒர்க்‌ஷாப்பில் போட்டார்கள். டிக்கி பின் சீட் வரை ஏறியிருந்தது. டிரெய்லர் டிரைவர் பிரேக்கில் ஏறி நிற்காமல் போயிருந்தால் அந்த இரண்டு பேரும் இல்லை என்று, இழுத்து வந்த வண்டியின் டிரைவர் சொன்னார். டிரெய்லர் டிரைவரே இறங்கி ஓடிவந்து மேடத்தின் அம்மாவைத் தூக்கி வெளியே எடுத்தாராம். ஆனால் பின்னால் இடித்தவர் என்று கேஸ் அவர் மேல்தான்.

டேங்க் நசுங்கி டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் அதை இறக்கினோம். டீசல் அளவு காட்டும் மிதவை உள்ள மூடியைத் திறந்து, மிச்ச டீசலை அகலமான ட்ரேயில் ஊற்றினேன். ஊற்றும்போது டேங்கின் வாயில் ஏதோ அடைத்தது. பிறகு வழுக்கிக்கொண்டு ட்ரேயில் வந்து விழுந்தது.

யூசுப் பாய் ஓர் அடி பின்னால் போய்விட்டார். "யா அல்லா! இன்னாடா இது, கை மாதிரி கீது!"

நீல நிறக் கிளவுஸ். ஐந்து விரலும் டீசலில் ஊறி உப்பியிருந்தன.

டீசல் பட்டால் எனக்குத் தோல் வெடித்துப் புண்ணாகும். டாக்டர் சொல்லி நான் கிளவுஸ் போடுவேன். யூசுப் பாய் வெறுங்கையில்தான் வேலை செய்வார். அந்த டேங்கை வேறு யாரும் திறந்ததில்லை. அந்தக் கிளவுஸ் என்னுடையதுதான். எப்படி விழுந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். கழுவிக் காயவைத்த டேங்கில் தூசி விழக்கூடாது என்று கிளவுஸால் வாயை மூடிவைத்தேனா, கழற்றி ஓரமாக வைத்தது உள்ளே சரிந்ததா, ஒன்றும் நினைவில்லை. நினைவில் இல்லை என்பதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. வேறு எத்தனை வண்டியில் என்னென்ன விட்டிருக்கிறேன்?

ஆனாலும் மனசு தப்பிக்க ஒரு ஓட்டை தேடியது. இதனால்தான் நின்றதா, நிச்சயமா? ஒரு பக்கெட்டில் கொஞ்சம் டீசல் ஊற்றி, டேங்கில் டீசலை உறிஞ்சும் சல்லடைக் குழாயை உள்ளே விட்டு, கிளவுஸைப் போட்டேன். அது அடியில் போய் அமர்ந்தது. பம்ப்பை ஓடவிட்டு, பக்கெட்டை ஒரு பக்கம் சாய்த்தேன், பிரேக் போட்டால் டேங்கில் டீசல் அலைவது போல. கிளவுஸ் மெல்ல நகர்ந்து, சல்லடையைத் தொட்டதும் சட்டென்று சுற்றிப் பிடித்துக்கொண்டது. பம்ப் முனகியது. டீசல் நின்றது. பம்ப்பை நிறுத்தினேன். சிறிது நேரத்தில் பிடி விட்டு விழுந்தது.

பக்கெட் நிறைய ஊற்றிச் செய்து பார்த்தேன். சல்லடைப் பக்கமே வரவில்லை. கொஞ்சமாக இருந்தபோது மூன்று தடவையும் பிடித்தது.

தாளைக் கொடுக்கும்போது மேடம் சொன்னது அத்தனையும் சரி. நான் டீசல் போட்டுக்கொண்டு ஓட்டிய ஒவ்வொரு முறையும் கோளாறை நானே மறைத்திருக்கிறேன்.

யூசுப் பாய் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். "குமரேசா, வண்டி எப்படியும் ஸ்கிராப்புதான். அந்தக் கிளவுஸத் தூக்கிப் போடு. ஒருத்தனுக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், பாய்."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றார். அவர் என் நல்லதற்குத்தான் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அன்று மாலை வரை கிளவுஸை ஒரு டப்பாவில் போட்டு மூடி அலமாரியில்தான் வைத்திருந்தேன்.

4. சேரப்பணஞ்சேரியில்

மாலையில் மேடத்துக்கே போன் செய்து சொன்னேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. எல்லாரும் வூட்லதான் இருப்பாங்க. வந்து அவங்க முன்னாடி சொல்லுங்க" என்றார்.

போனேன். கூடத்தில் ரகு, ரகுவின் அண்ணன், அண்ணி. கட்டிலில் மேடத்தின் அம்மா, தோளோடு சேர்த்துக் கட்டுப்போட்டு. தோள்பட்டைக் காரை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. டப்பாவைத் திறந்து கிளவுஸைக் காட்டினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மேடம் ஓட்டுவது சரியில்லை என்று நான் சொன்னது தப்பு என்பதையும் சொன்னேன்.

ரகு எழுந்து என் சட்டையைப் பிடித்தார். "இன்னா மனுஷன்யா நீ? ரெண்டு உசுருய்யா!" அண்ணன்தான் பிடித்து விலக்கினார். அவர் அடித்திருந்தாலும் நான் நின்றிருப்பேன்.

மேடம் கணவரைப் பார்த்துத்தான் பேசினார். "ஆஸ்பத்திரில எல்லார் முன்னாடியும் என்ன சொன்னீங்க? 'ஓட்டத் தெரியாம அம்மாவக் கொல்லப் பாத்தா'ன்னு சொன்னீங்க இல்ல?"

ரகு தலை குனிந்துகொண்டார். அந்த வார்த்தை என் வாயிலிருந்து போய் அவர் வாய்க்கு வந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிளவுஸைப் பார்த்தபோதுகூட அப்படி உறைக்கவில்லை.

கட்டிலில் இருந்த அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எம் பொண்ணு நல்லாத்தான் ஓட்டினா" என்றார்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வண்டி நின்றதற்குக் காரணம் இதுதான் என்று எழுதிக் கொடுத்தேன். டிரெய்லர் டிரைவர் மேல் கேஸ் லேசாவதற்கு அது உதவியது என்று பிறகு கேள்விப்பட்டேன். மேடம் வேறு பழைய கார் வாங்கி மறுபடியும் தண்டலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். சர்வீசுக்கு என்னிடம் வருவதில்லை. வரவும் வேண்டியதில்லை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இப்போது டேங்க் திறந்தால் உள்ளே போகிற, வெளியே வருகிற ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, மூடும் முன் யூசுப் பாயைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்கிறோம். கம்ப்ளைன்ட்டை ஓட்டுகிறவரின் வாயாலேயே கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் சொன்ன டீசல் அளவிலேயே ஓட்டிப் பார்க்கிறேன்.

கிளவுஸ் உள்ளே விழுந்தது கவனக்குறைவு. எந்த மெக்கானிக்குக்கும் ஒரு நாள் நடக்கலாம். அந்தத் தாளைப் படிக்காமல் டேஷ்போர்டில் வைத்தது அப்படியில்லை. அதைத் தெரிந்தேதான் செய்தேன்.