‘விண்கரை’யின் கடைசி ரீலைத் தேடி மாமல்லபுரம்

நிலவில் மனிதன் கால் வைத்தபோது நான் மூன்றாம் வகுப்பு. இப்போது ஒன்பதாம் வகுப்பு. நம் பள்ளி நூலகத்தில் விண்வெளி பற்றி இருக்கும் நான்கு புத்தகங்களையும் இதற்குள் படித்துவிட்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் மாமல்லபுரம் போனதற்குக் காரணம் ஆர்வம் மட்டும் இல்லை. பயம்.

‘விண்கரை’ படம் செங்கல்பட்டுக்கு வந்து நான்கே நாளில் போய்விட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பிறகுதான் ஒளிப்பதிவுக்கு ஒரு விருது, கலை இயக்கத்துக்கு ஒரு விருது, வெளிநாட்டு விழா ஒன்றில் பாராட்டுப் பத்திரம் என்று வரிசையாகக் கிடைத்தன. உடனே நம் அறிவியல் மன்றம் ‘விருது பெற்ற நமது விண்வெளிப் படம்’ என்று கட்டுரைப் போட்டி வைத்தது. எனக்கு முதல் பரிசு. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அதை வாசிக்க வேண்டும் என்றார் தலைமையாசிரியை. “அந்த முடிவை நன்றாக நிறுத்தி வாசி. படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது” என்றும் சொன்னார்.

நான் படம் பார்க்கவே இல்லை. பத்து பைசா பாட்டுப் புத்தகத்தையும் பத்திரிகை விமரிசனத்தையும் வைத்துக்கொண்டு எழுதினேன். பாட்டுப் புத்தகத்துக் கதை எப்போதும் முக்கியமான இடத்தில் நின்றுவிடும். இதிலும் அப்படித்தான்: “விண்வெளி வீரன் கதிரவன் பூமிக்குத் திரும்பினானா? மீதியை வெள்ளித்திரையில் காண்க.” அந்த மீதியை நானே எழுதிவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. படம் மூன்று பாராட்டுகள் வாங்கியது, நம் பள்ளியில் அதைப் பார்த்தவர்கள் மூன்று பேர்கூட இல்லை!

பரிசு அறிவித்த வெள்ளிக்கிழமை மாலையே அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அத்தை டெலிபோன் ஆபரேட்டர். மாமல்லபுரம் கொட்டகையில் ‘விண்கரை’ மறுபடி ஓடுவதாகவும், ஞாயிறு பகல் காட்சி உண்டு என்றும் விசாரித்துச் சொன்னாள். “பார்த்துட்டு வந்து முடிவைத் திருத்திக்கோ. ஆனா டிக்கெட் உன் உண்டியல்ல இருந்து.”

அத்தையும் துணைக்கு வந்தாள். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் காலை 9.40க்குப் பஸ். ஆளுக்கு ஒரு ரூபாய் பத்து பைசா. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். வலப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் முழுக்க நம்மேல்தான். பாதி வழியில் திருக்கழுக்குன்றத்தில் பஸ் இருபது நிமிடம் நிற்கும். அங்கே ஒரு கூட்டம் கழுகு பார்க்க இறங்கியது. நான் இறங்காததைக் கண்டக்டர் கவனித்துவிட்டார்.

“இன்னா பாப்பா, கழுகு பாக்கல?”

“சினிமா பார்க்கப் போறோம்.”

“மாபலிபுரத்துக்கா? ஊரே சினிமா பாக்க செங்கல்பட்டுக்கு வருது, நீ ரிவர்ஸ்ல போய்கினு கீறே!”

பஸ் முழுக்கச் சிரித்தது. அத்தையும்தான்.

11.15க்கு இறங்கினோம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் நடந்தே பார்க்கலாம். மதியம் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. கொட்டகை, பஸ் நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிட நடை. போஸ்டரில் ‘பரிசு பெற்ற படம்’ என்ற சிவப்புத் தாளைக் கதாநாயகனின் முகத்தின்மேலேயே ஒட்டியிருந்தார்கள். தரை 25 பைசா, பெஞ்சு 50. நாங்கள் தரை. பெண்கள் பக்கம் தனி. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார வேண்டும்.

பகல் காட்சி என்பதால் கொட்டகையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஆனாலும் கூரைக் கீற்றில் நிறைய ஓட்டை. விண்வெளிக் காட்சியில் திரையிலும் நட்சத்திரம், தலைக்கு மேலேயும் நட்சத்திரம். எந்த ஊர்த் தியேட்டரிலும் இது கிடைக்காது.

எனக்குப் பக்கத்தில் செல்லம்மா என்று ஒரு அக்கா. மீன்கூடையை வெளியே வைத்துவிட்டு வந்திருந்தார். கதிரவனின் கலம் வேறொரு கோளில் இறங்கியது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல், மணலில் ஒரு சுவடுகூட இல்லை. விமரிசனங்கள் புகழ்ந்த காட்சி அதுதான். திடீரென்று பெண்கள் பக்கம் முழுவதும் கைதட்டியது.

“எதுக்குக்கா கை தட்டறீங்க?”

“எங்க குப்பம் கண்ணு அது! எங்க வூட்டுக்கு எதிர்ல கீற மணலு.”

“இவ்வளவு சுத்தமாவா இருக்கும்?”

“நல்லா கேட்டே! காக்கா, நாயி, ஆளு, எல்லாம் மிதிச்ச மணலு. விடியகாலம் நாங்க பதினாறு பேரு தொடப்பத்தோட போயி பெருக்கினோம். எங்க கால்தடமும் இருக்கக்கூடாதாம். அதால பின்னாலயே நடந்துகினு பெருக்கினோம். அன்னிக்கி ஒரு கட்டுமரம் எறங்கல.”

“உங்க பேரு படத்துல வருதாக்கா?”

“தொடப்பத்துக்கு யாரு பேரு போடுவா? போ புள்ள!” என்று சிரித்தார். “ஆனா பரிசு குடுத்துட்டான் பாரு. அது எங்க மணலுக்குத்தான்.”

கடைசி ரீலுக்கு முன் மின்சாரம் போய்விட்டது. மணி 5.20. எங்கள் பஸ் 5.45க்கு. பத்து நிமிடம் ஆயிற்று, வரவில்லை. ஆண்கள் பக்கம் விசில் காதைக் கிழித்தது. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

“இதுக்கா அயுவுற? நான் நாலு தபா பாத்துகிறேன். முடிவு இன்னான்னா...” என்று ஆரம்பித்தார் செல்லம்மா அக்கா.

“வேணாங்க்கா!” என்று காதைப் பொத்திக்கொண்டேன். பார்க்காமல் எழுதுவதைத்தான் ஒருமுறை செய்தாகிவிட்டதே.

அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அடுத்த பஸ் எப்போம்மா?” என்று அக்காவிடம் கேட்டாள்.

“ஆறு நாப்பதுக்கு ஒண்ணு கீது.”

அத்தை மணல்மேட்டில் மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மணி 5.50க்கு மின்விசிறி சுழன்றது.

முடிவை இங்கே எழுத மாட்டேன். என் கட்டுரையில் கதிரவன் மாலையும் கழுத்துமாக ஊர் திரும்பினான். படத்தில் அப்படி இல்லை. என்னுடையதைவிட நூறு மடங்கு நல்ல முடிவு.

திரும்பும் பஸ்ஸில் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். நான்கு வரி மாற்றினால் போதும், யாருக்கும் தெரியாது. பென்சிலையும் எடுத்துவிட்டேன். ஆனால் பின்னாலேயே நடந்து பெருக்கிய பதினாறு பேர் நினைவுக்கு வந்தார்கள். செய்த வேலைக்கு அவர்கள் பெயர் வரவில்லை. பார்க்காத படத்துக்கு என் பெயர் பள்ளி அறிவிப்புப் பலகையில் இருந்தது.

திங்கட்கிழமை, பாட்டுப் புத்தகம் நின்ற இடம் வரை வாசித்தேன். பிறகு, “இதற்கு மேல் நானாக எழுதியது. அப்போது நான் படம் பார்த்திருக்கவில்லை” என்றேன். தலைமையாசிரியை பரிசுப் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டே, “நானும்தான் பார்க்கவில்லை. பார்க்காமல் பரிசு கொடுத்துவிட்டேன்” என்றார். “எந்த பஸ், எத்தனை மணி, எவ்வளவு ஆகும் என்று நம் கையெழுத்துப் பத்திரிகையில் எழுது. எல்லாரும் போவோம்.” அதுதான் இந்தக் கட்டுரை.

இந்த ஞாயிறு இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், தலைமையாசிரியையும் சேர்த்து. வருபவர்கள் போகவர பஸ்ஸுக்கு இரண்டு ரூபாய் இருபது பைசா, டிக்கெட்டுக்கு இருபத்தைந்து பைசா, கட்டுசாதம், உட்கார ஒரு பழைய துண்டு கொண்டுவாருங்கள். 5.45 பஸ்ஸை நம்பாதீர்கள். கோளில் கலம் இறங்கியதும் வெறும் மணல் வரும். அப்போது நன்றாகக் கைதட்டுங்கள். அதைப் பெருக்கியவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.