இடது காலுக்கென்று ஒரு சாக்ஸ்

நாளைக்காரி என்ற பெயரை முதலில் கேட்டது அவளுடைய நாத்தனார் வாயிலிருந்துதான். உறவுக்காரர் வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டு, "எங்க நாளைக்காரி கிளம்பிட்டேன்னு சொல்றா. அப்படின்னா இன்னும் குளிக்கவே போகலன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், சொந்தப் பெயரை எங்கோ அடித்துக்கொண்டு போய்விட்டது.

அவளுடைய மாமனார் கண்ணாடிக்காரருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள்தான் இந்த நாத்தனார். மகன் லாரி ஓட்டுகிறவன், பாதி நாள் ரோட்டில்தான் குடித்தனம். அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள் நாளைக்காரி. சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர்கூட அவளிடம் வாய் கொடுக்க மாட்டார், அப்படி ஒரு கை. வீட்டுக்கு வந்தால்தான் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். கேட்டால், நாளைக்கு முடித்துவிடுவேன் என்பாள். அதையும் பொய் சொல்கிறவள் மாதிரிச் சொல்ல மாட்டாள், சத்தியம் செய்கிறவள் மாதிரிச் சொல்வாள்.

மாமனார் வீட்டு முன்கூடத்திலேயே கண்ணாடி வெட்டுகிறவர். நாளெல்லாம் சிமெண்டுத் தரையில் நின்று பாதம் சில்லிட்டுக் கிடக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் கம்பளி நூல் வாங்கிவந்து சாக்ஸ் பின்னினாள். முதல் சாக்ஸின் குதிகால் வளைவைப் பார்த்தால் கடைச் சரக்கு தோற்றுப்போகும். இரண்டாவது, குதிகாலைத் தாண்டியதும் ஊசியோடு அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வருஷக்கணக்காகத் தூக்கம். கிழவர் முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் வலது கால், மறுநாள் இடது கால் என்று இருந்த ஒன்றையே முறை வைத்து மாட்டிக்கொண்டார். யாராவது சிரித்தால், ரெண்டு காலுக்கும் சண்டை வந்துவிடக் கூடாதில்லையா என்பார்.

சர்க்கரை முற்றிப் பாதம் மரத்துப்போனதை மட்டும் அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒருநாள் ரப்பர் செருப்பையும் மீறிக் கண்ணாடிச் சில்லு இடது பெருவிரலில் ஏறிவிட்டது. வீட்டுக்குள் ரத்தக்கால் வைத்தது யார் என்று அவரேதான் சத்தம் போட்டுக்கொண்டு தேடினார். தேடிக் கண்டுபிடித்ததும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வேலைக்கு நின்றுவிட்டார். புண் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. விரலோடு போகுமா, பாதத்தையே எடுக்க வேண்டி வருமா என்பதை மருந்து கேட்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

வராந்தாவில் நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு சாக்ஸ் இல்லாம இருந்தது அந்த இடது கால்தான் அண்ணி. இன்னொன்னையும் பின்னி முடிச்சிருந்தா?"

கண்ணாடிக்குக் கம்பளி எம்மாத்திரம் என்று நாளைக்காரி திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் சுருக்கென்று தைத்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், அலமாரியைத் திறந்தாள். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, நூலுருண்டையும் ஊசியுமாகக் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கிழவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "எதுக்கும்மா வீண் வேலை? ஒண்ணு போதும்னு நீ அப்பவே கணக்குப் போட்டுட்ட போலிருக்கே."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். நாளைக்காரி நிமிரவில்லை.

"ரெண்டு காலோட வந்தீங்க மாமா. ரெண்டு காலோடதான் வீட்டுக்கு வரப்போறீங்க. நான் பின்றது காலுக்கு, உங்க பேச்சுக்கு இல்ல."

கிழவர் அவள் கை ஓடுவதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். டாக்டர் வரும்போதெல்லாம் நாத்தனார் எழுந்து நிற்பாள், நாளைக்காரி பின்னிக்கொண்டே இருப்பாள். விரல் பக்கம் குறைத்துப் பின்ன வேண்டிய இடம் வந்தபோது முடிவும் வந்தது. பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் போயின. பாதம் நின்றது.

புண் ஆறியதும் சாக்ஸ் போடலாம், ஆனால் ஆறின இடத்தில் மடிப்பு உராயக் கூடாது என்று நர்ஸ் எச்சரித்தாள். ஆறி முடிந்த பிறகு நாளைக்காரி பழைய காகிதத்தில் மாமனாரின் பாதத்தை வைத்துச் சுற்றிலும் கோடு போட்டாள். விரல் இல்லாத பக்கம் முன்னாலேயே கண்ணிகளைக் குறைத்து, சரிவாகக் கொண்டுவந்து முடித்தாள்.

நாத்தனார் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன அண்ணி, ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது?"

"உங்கப்பா பாதம் அப்படித்தான் இருக்கு. அப்பவே முடிச்சிருந்தா இப்ப முன்பக்கம் முழுக்கப் பிரிக்க வேண்டியிருக்கும். நான் ஒண்ணும் சும்மா இருக்கல, அளவுக்குக் காத்திருந்தேன்."

"காத்திருந்தாளாம்" என்று கிழவர் கட்டில் குலுங்கச் சிரித்தார். நாத்தனாருக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே அப்பாவின் இடது காலைத் தூக்கி மடியில் வைத்து, அவளே மாட்டிவிட்டாள். எங்கேயும் மடிப்பு விழவில்லை.

கண்ணாடிக்காரர் இப்போது மூடின ஷூ போட்டுக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தே கண்ணாடி வெட்டுகிறார். நாளைக்காரி அதே கம்பெனியில் காலர் தைக்கிறாள்.