செம்பு ஏறாத மூன்றாம் இலை

மல்டிமீற்றர் மறுபடியும் கையை விரித்தது. கறுப்புப் பூசிய செவ்வரத்தை இலையின் காம்பில் ஒரு முனை, நுனியில் மற்ற முனை. இடையில் மின்சாரம் ஓடவில்லை. இன்னொரு கை பூசினேன். அது உலரவில்லை. வெள்ளவத்தையில் எதுதான் உலர்கிறது? உப்புக் காற்று யன்னலால் வந்து தூரிகையை நக்கி, வார்னிஷை நக்கி, என் பொறுமையையும் நக்கிவிட்டுப் போனது.

இலை மின்சாரத்தைக் கடத்தாது. கரிப்பூச்சு அதற்கு ஒரு தோலாகப் படிய வேண்டும். அந்தத் தோலில் மின்சாரம் ஓடினால்தான், மயில்துத்தமும் அசிட்டும் கரைத்த நீலத் தண்ணீரில் தொங்கவிடும்போது செம்பு வந்து ஒட்டும். சோகி, வேப்பங்கொட்டை என்று கண்டதையும் செம்பாக்குவது என் பொழுதுபோக்கு. இதுவரை சிங்கப்பூரில் இருந்து வந்த போத்தல் பூச்சுக் கைகொடுத்தது. அது கட்டிபட்டுப் போனதால் இம்முறை கரித்தூளையும் வார்னிஷையும் நானே குழைத்தேன்.

இம்முறை விளையாட்டும் இல்லை. மகனைப் பார்க்கக் கனடா போன இடத்தில் அக்காவின் கணவர், என் அத்தானுக்கு நெஞ்சுவலி. அடுத்த கிழமை ஒப்பரேஷன். பாமன்கடையில் இருக்கும் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை பிளைட். கொட்டாஞ்சேனைக் கோயிலில் அத்தான் பெயருக்கு அர்ச்சனை செய்து, ஐயர் தந்த வில்வத்தை அக்கா என் கையில் வைத்தார். ஒரே காம்பில் மூன்று இலை.

"பச்சை இலையெண்டா எயார்போட்டில பறிச்சுப்போடுவாங்கள். செம்பாக்கித் தா தம்பி. அவற்ற தலைமாட்டில வைக்கோணும்."

அந்த வில்வம் குளிர்ப்பெட்டியில் ஈரத்துணிக்குள் காத்திருக்க, நான் செவ்வரத்தை இலைகளைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, கரித்தூள் போட்டனீங்களோ, கறித்தூள் போட்டனீங்களோ?"

எரிச்சலில் பேப்பர் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கித் தள்ளினேன். கிறுக்கலின் மேல் மீற்றரை ஏன் வைத்தேன் என்று தெரியாது. எண்கள் துள்ளின.

பென்சிலும் கரிதான். தமிழில் அடுப்புக்கும் பென்சிலுக்கும் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம். மருதானைக் கடையில் முடியாது. அங்கே நான் கரியை மனதுக்குள் சிங்களமாக்கி, அழகாக, "அங்குரு" என்று கேட்டிருந்தேன். அது அடுப்புக் கரி; அதில் மின்சாரம் ஓடாது. பென்சில் கரிக்குச் சிங்களத்தில் மினிரன் என்று வேறு பெயர். "இறைச்சி சுடவா மாத்தயா?" என்று கடைக்காரர் சிங்களத்தில் விசாரித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் மரக்கறிக்காரன் என்று அவருக்கு விளக்கிவிட்டு வந்தேன்.

திரும்பவும் மருதானை. திரும்பவும் குழைப்பு. வார்னிஷ் கூடினால் மின்சாரம் ஓடவில்லை. குறைந்தால் பூச்சு உதிர்ந்தது. ஒருவழியாக ஒரு செவ்வரத்தை இலை சரிவந்ததும், பொறுக்க மாட்டாமல் வில்வத்தை எடுத்துப் பூசி, அரைகுறையாக உலர்ந்ததை நீலத்துக்குள் இறக்கினேன். செம்பு ஏறியது, காம்பில் ஏறி, ஒரு இலையில் பரவி, அடுத்ததின் நரம்புகளில் ஓடி, ரோசாச் சிவப்பாய் மினுங்கி, மூன்றாவதின் வாசலில் நின்றுவிட்டது. சந்தில் ஒரு மயிர்க்கோட்டு வெடிப்பு. மேலே தொட்டுப் பூசினேன், அசிட்டில் கரைந்தது. வயரை மாற்றிக் கட்டினேன். இலை கிழியப் பார்த்தது. கோபத்தில் கண்ணாடிச் சாடியோடு தூக்கி எறியலாம் போலிருந்தது.

ஞாயிறு காலை அக்கா வந்துவிட்டார். வெளியே வான் நின்றது.

"மூண்டாவது ஏன் கறுப்பு?"

"அதில கரண்ட் போகேல்லை அக்கா. இன்னும் ஒரு நாள் இருந்தால்..."

"இல்லையே."

அக்கா அதைக் கடதாசிக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தலையணையில படாமல் வையுங்கோ. அந்தக் கறுப்பு உதிரும். தலையணை, சட்டை எல்லாம் பிரளும்."

அத்தான் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை கண்டாலும் அக்காவைப் பேசித் தீர்த்து வீட்டை இரண்டாக்குகிறவர்.

"பிரளட்டும்," என்றார் அக்கா, பையின் சிப்பை இழுத்தபடி. "எழும்பி என்னைப் பேசட்டும்."