கஞ்சித்தொட்டி பற்றிய பக்கம்

என் வீட்டுக்காரர் சங்கரன்கோவிலில் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். எழுபதுகளின் கடைசியில் அதை மூடினார். மூடிவிட்டுச் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. இந்த வட்டாரத்துப் பஞ்சங்களின் வரலாற்றை எழுதப் போகிறேன் என்று பஸ் ஏறிவிட்டார். பத்திரிகை இருந்தவரை சாப்பாட்டு நேரத்துக்காவது வீட்டில் இருந்தார், சரித்திரம் வந்து அதையும் கெடுத்தது. குருவிகுளம் பக்கம் ஊர் ஊராய்ப் போய் வயசானவர்களைக் கேட்பார். ஒருவரையொருவர் அறியாதவர்கள் ஒரே சேதியைச் சொன்னால்தான் எழுதுவார். பத்திரிகையில் பழகிய வழக்கம்.

அச்சகத்திலிருந்து வரும் புரூஃபை வாசிப்பது என் வேலை. நான் உரக்க வாசிக்க வேண்டும், அவர் கையெழுத்துப் பிரதியோடு ஒத்துப் பார்ப்பார். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வாயால் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். அர்த்தத்தைப் பார்த்தால் பிழை தப்பிவிடும், எழுத்தை மட்டும் பார் என்பார். அப்படியே பழகிவிட்டேன்.

அன்றும் கத்திக்கொண்டிருந்தேன். தாது வருஷப் பஞ்சத்தில், கமா, கஞ்சித்தொட்டிக்கு வந்த தானியத்தை அதை நடத்தியவரே வியாபாரிகளுக்கு விற்றார், முற்றுப்புள்ளி. மிச்சத்தில் தண்ணீரை ஊற்றினார், கமா, வரிசையில் நின்ற பிள்ளைகள் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தன, முற்றுப்புள்ளி. அடுத்து ஒரு பெயர். அதையும் வாசித்து, முற்றுப்புள்ளியும் சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. என் தாத்தாவின் அப்பா பெயர்.

மேலநீலிதநல்லூர் பக்கத்தில் நான் பிறந்த ஊர். அங்கே சர்ச்சில் வருஷா வருஷம் அசனம் நடக்கும். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். முதல் அகப்பைச் சோறு எங்கள் குடும்பத்துக் கையால்தான் இலையில் விழும். பஞ்சத்தில் சொத்தை விற்றுக் கஞ்சி ஊற்றிய மகராசனுக்கு ஊர் தரும் மரியாதை அது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இப்போது என் அண்ணன் பரிமாறுகிறான்.

“இதென்ன அக்கிரமம்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சொன்னா நீ வாசிச்சிருக்க மாட்ட.”

“இதை எடுத்துருங்க. எங்க அண்ணன் இனி எம் மூஞ்சில முழிக்க மாட்டான். பிறந்த வீடே இல்லன்னு ஆயிரும்.”

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். “நீயே அடிச்சிரு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

பாவி மனுஷன், பழியை என் தலையில் கட்டிவிட்டார். பேனாவை எடுத்தேன். பூட்டன் செய்ததை அடித்தால் செத்த பிள்ளைகளையும் சேர்த்துத்தான் அடிக்க வேண்டியிருந்தது. ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. பேனாவை வைத்துவிட்டு அடுத்த பக்கத்தை வாசித்தேன்.

புத்தகம் வந்த சில நாளில் அண்ணன் வந்தான். கத்துவான், உறவை அறுத்துவிட்டுப் போவான் என்று பயந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனோ உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

“எனக்கு இது தெரியவே தெரியாதுண்ணே,” என்றேன்.

“ஒனக்கு மட்டும்தாம்ட்டி தெரியாது. ஊருக்கே தெரியும்.”

“ஊருக்கா? பிறகு என்னத்துக்கு நமக்கு முதல் அகப்பை தாராவ?”

“அது மரியாதைன்னா நெனச்ச? அவரு எடுத்த சோத்தை அவரு வம்சம் குனிஞ்சு போடணும்னு ஊர் வச்ச தண்டம்லா அது. பொம்பளப் பிள்ளையளுக்குச் சொல்லுதது இல்ல.”

கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு அசனத்தை நான் விட்டதில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, பந்திக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்பேன். சாப்பிட உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரிப்பேன்.