சுவர்ப் பக்கத்து ஓட்டை

இடைசெவல் விலக்கில் பட்டறை வைத்திருந்த உச்சிமாகாளி ஆசாரிக்கு வராத வேலை ஒன்றே ஒன்றுதான். தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்கிற வேலை. மற்றபடி அரிவாள், மண்வெட்டி, டிராக்டர் கலப்பைக் கொழு எல்லாம் அவர் கைக்கு அடங்கும். அவர் வாய்க்கு ஊரே அடங்கும்.

வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். கரி உலையை மூட்டினால் புகையில் பாதி வானத்துக்கும் பாதி பெண்டாட்டி பொன்மணியின் நெஞ்சுக்கும் போகும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டுக்கு வந்து நிரந்தரமாகத் தங்கியது அவளுடைய இளைப்பு ஒன்றுதான். கோவில்பட்டி டாக்டர், “கரியை நிறுத்துங்க, இல்லைன்னா இந்தம்மாவை வேற ஊர்ல வையுங்க” என்று சொல்லிவிட்டார். அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம்.

கேஸ் உலைக்கு மாறப்போவதாக உச்சிமாகாளி அறிவித்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், “காலத்துக்குத் தக்கன மாற வேண்டாமாடே?” என்றார். பெண்டாட்டிக்காக என்று சொன்னால் மீசை உதிர்ந்துவிடும் போல.

பர்னரை அவரே செய்தார். முழ நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய். அதன் தலையில் பழைய கேஸ் அடுப்பின் ஜெட், அதாவது கேஸைப் பீய்ச்சுகிற மூக்கு. ஜெட்டின் ஓட்டையைப் பித்தளையால் அடைத்து, மயிரிழை அளவுக்குப் புதிதாகத் துளைத்துக் கொடுத்தவன் கோவில்பட்டி வெல்டிங் கடை ஆசீர்வாதம். கேஸ் ஊசி மாதிரிப் பாய வேண்டும். அந்த வேகத்தில் வெளிக்காற்று தானாக உள்ளே ஓடி வர வேண்டும். அதற்காகக் குழாயில் ஜெட்டுக்குக் கீழே இரண்டு பெரிய ஓட்டைகள். மேல்காற்று அடித்துத் தீயை அலைக்கழிக்கக் கூடாதென்று அவற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பி, குழாயை உலையின் செங்கல் பெட்டியோடு சேர்த்துக் களிமண் வைத்துப் பூசிவிட்டார்.

முதல் நாள் தீ மஞ்சளாக நாக்கைத் தொங்கப் போட்டது. ஜெட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினார். ‘டப்’பென்று குழாய்க்குள்ளேயே வெடித்துப் புருவத்தைப் பொசுக்கியது. அரை நூல் அளவு ஏற்றினார். கேஸைக் கூட்டினார். ஒரு வாரம் மல்லுக்கட்டியபின், மேடேறும் லாரி மாதிரி உறுமிக்கொண்டு நீலத் தீ நின்றது. பொன்மணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “என்னங்க, புகையே வரலையே, வேலை நடக்குதா?” என்று கேட்டாள். அவர் இரும்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

ஒரு மாசம் கழித்து எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்தில் குலசாமி கோயில் கொடைக்கு ஒரு வாரம் போய்த் திரும்பினார்கள். வந்து பற்றவைத்தால் மறுபடியும் மஞ்சள் தீ. இரும்பு சிவக்கவே யோசித்தது. ஜெட்டைக் கழற்றி ஊதினார், ரெகுலேட்டரை மாற்றினார், ரப்பர் குழாயைப் பிடித்துப் பார்த்தார். பாக்கி இருந்தது சுவர்ப் பக்கம் மட்டுந்தான். அந்தச் சந்தில் அவர் கை நுழையாது.

“ஏட்டி, உன் கை சின்னதுதானே. பின்னால விட்டு ஓட்டையில எதுவும் அடைச்சிருக்கான்னு பாரு.”

பொன்மணி கையை விட்டாள். விரல் நுனியால் மெல்லத் தடவினாள்.

“ஒண்ணுமில்லை,” என்றாள்.

அப்படியானால் ஜெட்தான். நேரே கோவில்பட்டிக்கு பஸ் ஏறினார்.

“ஏலே ஆசீர்வாதம், ஊசி ஓட்டை கேட்டா உலக்கை ஓட்டை போட்டிருக்கியே!”

“அண்ணாச்சி, அதே ஜெட்டு ஒரு மாசம் எரிஞ்சிச்சுல்ல? ஓட்டை தானா பெருக்குமா? காத்துப் போற வழியைப் பாருங்க.”

“அதை எம் பொண்டாட்டி பாத்தாச்சு. உன் கைதான் விளங்கலை.”

கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார். ஆசீர்வாதம் வெல்டிங் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான்.

“விடுங்க, கொஞ்ச நாளைக்குக் கரியே இருக்கட்டும்,” என்றாள் பொன்மணி, வீடு திரும்பியவரிடம். தன் கைவேலையில் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டதென்று நினைத்து, கோபத்தில் அவர் கரியை மூட்டினார். இருபது நாள் மூட்டினார். அவள் சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு சோறாக்கினாள். அவளுடைய மூச்சு விசில் மாதிரி சுவரைத் தாண்டிக் கேட்டது. ஒவ்வொரு விசிலுக்கும் அவர் ஆசீர்வாதத்தைத் திட்டினார்.

இருபத்தோராம் நாள் ஆசீர்வாதமே வந்து நின்றான். கையில் சைக்கிளில் மாட்டுகிற கண்ணாடி.

“உங்களுக்காக வரலை அண்ணாச்சி. மதினி இளைக்குதாகன்னு கேள்விப்பட்டேன்.”

கண்ணாடியைச் சந்துக்குள் நீட்டிச் சாய்த்தான். ஒரு ஓட்டையை முழுசாகவும் இன்னொன்றைப் பாதியாகவும் அடைத்துக்கொண்டு, விரல் விரலாக மண் கூடு. குளவி கட்டியது.

“அடக் கழுதை! எம் பொண்டாட்டி கண்ணுக்கு யானையே குறுக்கால நின்னாலும் தெரியாதுடே!” என்று சத்தமாகச் சிரித்தபடி உச்சிமாகாளி ஒரு கம்பியை எடுத்துக் குத்தினார். ஆசீர்வாதம், “அண்ணாச்சி, இருங்க...” என்றான். அதற்குள் கூடு பொலபொலவென்று தரையில் விழுந்துவிட்டது. பற்றவைத்தார். நீலத் தீ உறுமியது.

உறுமல் கேட்டுப் பொன்மணி வாசலுக்கு வந்தாள். தீயைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். உட்கார்ந்து மண் கட்டிகளைப் பொறுக்கி மடியில் போட்டாள். ஒரு கட்டிக்குள் சிறகு முளைத்த ஒன்று நனைந்த நூல் மாதிரிக் காலை அசைத்தது.

குளவி வீட்டில் கூடு கட்டினால் அந்த வீட்டில் தொட்டில் ஆடும் என்பார்கள். கலைத்துவிடக் கூடாது. ஆசாரிக்கும் அது தெரியும், ஊருக்கே தெரியும். ஆசீர்வாதம் கண்ணாடியை வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டான்.

“ஒண்ணுமில்லைன்னு சொன்னியே.”

“இருக்குன்னா எடுத்திருப்பீங்க.”

“எடுக்க மாட்டேன் பொன்மணி. சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேன்.”

“இன்னும் நாலு நாள்ல பறந்திருக்கும். அதுக்கப்புறம் நானே தட்டி விட்டுருப்பேன்.” சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு பிடித்தது.

அன்றைக்கு அந்த நல்ல தீயில் அவர் எதையும் காய்ச்சவில்லை. மூடிவிட்டார்.

மறுநாள் பஸ் ஏறிப் போய், அதே நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்து, “தப்பு எம் மேலதான்” என்று ஆசீர்வாதத்திடம் சொன்னார். அவன் ஒரு துண்டு கம்பிவலை கொடுத்தான். பூச்சை உடைத்துக் குழாயை வெளியே எடுத்து, அதைக் காற்று ஓட்டைகளைச் சுற்றிக் கட்டி மறுபடியும் பதித்துவிட்டார். இனி அந்தப் பக்கம் எந்தக் குளவியும் வராது. அது அவருக்கே பொறுக்கவில்லை.

அதனால் அதே அளவில் இன்னொரு குழாயை வெட்டி, அதேபோல இரண்டு ஓட்டை போட்டு, கேஸ் இணைப்பு இல்லாமல் சுவரில் அடித்து வைத்தார். கீழே ஒரு சட்டியில் கரிசல் மண்ணைக் குழைத்து, காயாமல் தினமும் தண்ணீர் தெளித்தார். கொழு அடிக்க வந்தவர்கள், “இது எதுக்கு ஆசாரி?” என்று கேட்டால், “அது ஸ்பேர்” என்பார்.

பொன்மணியின் இளைப்பு குறைந்தது. வருஷங்கள் போயின. தினமும் காலையில் உலை மூட்டுமுன் ஆசீர்வாதத்தின் கண்ணாடியை அந்த ஸ்பேர் குழாய்க்குப் பின்னால் நீட்டிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

“என்னங்க, எதுவும் இருக்கா?” என்று அவள் உள்ளேயிருந்து கேட்பாள்.

அவர் கண்ணாடியைத் துண்டால் துடைத்து, இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

“ஒண்ணுமில்லை.”