பலூன் வெடித்தும் திரும்பாத மகளோடு ஒத்தக்கடைக்கு

பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் என் மகள் நிலாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பலூன் வெடித்தது. மற்ற பிள்ளைகள் அலறினார்கள். இரண்டேகால் வயது நிலா திரும்பவே இல்லை, கேக்கைத் தின்றுகொண்டிருந்தாள். மறுநாளே ஒத்தக்கடை பக்கம் இருக்கும் குழந்தைகள் வளர்ச்சி மையத்தில் நேரம் கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள்.

நிலா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தெரு கிளினிக்கில் ஒன்பதாம் மாதத் தடுப்பூசியின்போதே, "சத்தமே எழுப்ப மாட்டேங்குறா சார்" என்று சொன்னேன். பதினாறாம் மாதமும் சொன்னேன். டாக்டர் தலையைத் தூக்காமல், "சில பிள்ளைக லேட்டாத்தான் பேசும்மா. அடுத்தவங்கள வரச் சொல்லுங்க" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

காலை 8.10க்கு வில்லாபுரத்தில் பேருந்து ஏறினோம். 8.35க்குப் பெரியார் பேருந்து நிலையம், அங்கே மாறி 9.25க்கு மாட்டுத்தாவணி, இன்னொரு பேருந்தில் 9.55க்கு ஒத்தக்கடை. எல்லாம் சேர்த்துப் பதினாறு கிலோமீட்டர் இருக்கும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ.

"எம்புட்டுண்ணே?"

"அம்பது ரூவா குடுங்க. பாப்பாவுக்கா? என் தம்பி மகனையும் இங்கதான் கூட்டியாந்தோம். அஞ்சு வயசுல. அதுக்கு முன்னாடி பாத்த ஒரு டாக்டரும் ஒண்ணும் சொல்லல."

எங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆனதென்று நினைத்திருந்தேன். வண்டியை விட்டு இறங்கும்போதே எங்கள் தெரு டாக்டர் மேல் கோபம் ஏறியது.

உள்ளே ஒரு மூடிய அறையில் நிலாவை என் மடியில் வைத்துச் சோதித்தார்கள். இருபக்கமும் மாறி மாறி ஒலி. அவள் பொம்மையின் கண்ணைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு தூங்க வைத்து இன்னொரு சோதனை. சோதித்த பெண் என் எதிரில் உட்கார்ந்தார்.

"ரெண்டு காதும் ரொம்பக் குறைவாத்தான் கேக்குதுக்கா. காதுல மெஷின் வச்சுப் பயிற்சி குடுத்தா பேச வாய்ப்பு நல்லா இருக்கு. ஆனா ஒன்பது மாசத்துலயே வந்திருக்கலாமே?"

தாய் சேய் நல அட்டையை வாங்கிப் புரட்டினார். தடுப்பூசிப் பக்கத்தில் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து. எந்த மாதத்தில் பிள்ளை என்னென்ன செய்ய வேண்டும் என்று படம் போட்ட பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. "இத யாருமே கேக்கலையா?" என்றார். அதை நானும் படிக்கவில்லை. என் மேலும்தான் கோபம்.

1.20க்குக் கிளம்பி மூன்று மணிக்கு வில்லாபுரம் வந்தோம். ஐந்துக்குக் கிளினிக் திறந்ததும் அறிக்கையை டாக்டரின் மேசையில் வைத்தேன்.

"இம்புட்டுக் கூட்டத்துல இதெல்லாம் எப்படிம்மா பாக்குறது?"

நிலாவின் பின்னால் போய் ஓங்கிக் கை தட்டினேன். அவள் அசையவில்லை. "இதுக்கு எம்புட்டு நேரம் சார் ஆச்சு?"

அவர் அறிக்கையைப் படித்தார். நிலாவின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். "தப்புத்தாம்மா" என்றார். என் கோபம் துளியும் இறங்கவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: வில்லாபுரத்திலிருந்து என்றால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளையைக் காலையில் தூங்க விடாதீர்கள், அங்கே தூங்க வேண்டும். பாலும் மாற்றுத் துணியும் எடுத்துப் போங்கள். அதற்கும் முன்னால், ஊசி போடும் நாளில் அட்டையின் படப் பக்கத்தைத் திறந்து டாக்டர் முன்னால் நீட்டுங்கள். பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

வரும் திங்கட்கிழமை நிலாவுக்கு மெஷின் பொருத்துகிறார்கள். என் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இனிமேல்தான் தெரியப் போகிறது.