எதிரே உட்கார்ந்தால் சோடி

மாஜோங் மங்காவைத் திரையில் பார்க்கிறவர்களுக்கென்றே ஒரு தண்டனை இருக்கிறது. ஆடுகிறவரின் காய்கள் எப்போதும் திரையின் அடிப்பக்கத்தில்தான் வரிசையாக நிற்கும். சப்டைட்டிலும் அங்கேதான் வந்து உட்காரும். 'இந்தக் காயை எறிந்தால் தொலைந்தேன்' என்று நாயகன் மனதுக்குள் அலறுவான். எந்தக் காய் என்று நாம் பார்க்க முடியாது. அந்த அலறலே அதை மறைத்துக்கொண்டு நிற்கும்.

நான் என்ன செய்வேன் என்றால், நிறுத்துவேன். கொஞ்சம் பின்னால் போவேன். சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் காய்களைப் பார்ப்பேன். பிறகு மறுபடி போட்டு வசனத்தைப் படிப்பேன். பாட்டனி டவுன்ஸ் புறநகரில் நான் வேலை செய்யும் கடையின் ஓய்வறையில், மதிய இடைவேளையில், இப்படிப் பார்த்து ஒரு அத்தியாயத்தை முடிக்க ஒரு வாரம் ஆகும்.

"நிறுத்தாத லா! இப்பதான் அவன் அழப்போறான். நல்ல நேரத்துல நிறுத்திட்டுக் கணக்குப் பாக்குறியே!"

பக்கத்திலிருந்து இப்படிக் கத்துகிறவள் என் கூட்டாளி. ஈப்போவிலிருந்து வந்தவள், பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுகிற ஊர். கடையில் அவளுக்குப் படுக்கை விரிப்புகள், எனக்குச் சமையல் பாத்திரங்கள். காலையில் என்னைக் கண்டதும் "பசியாறிட்டியா?" என்பாள். நான் இல்லை என்றால் தன் டப்பாவைத் திறந்து நீட்டுவாள். அவ்வளவு நல்லவள். ஆனால் மாஜோங் விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாஜோங் சீனத்துக் காய் விளையாட்டு, மங்கா ஜப்பானியச் சித்திரக்கதை; ஜப்பானில் இந்த ஆட்டத்துக்கென்றே தனி மங்கா வகை இருக்கிறது. நாலு பேர் ஒரு சதுர மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். புகை, வியர்வை. பந்தயமாகச் சில நேரம் ஒருவனுடைய வீடு இருக்கும், சில நேரம் அவனுடைய விரல். ஒரு காயை எடுத்து ஒரு காயை எறியப் பக்கம் பக்கமாகப் போகும். அத்தனை பக்கத்திலும் யோசனைதான். எதிரே இருப்பவன் ஏன் அதை எறிந்தான், இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறான், எதற்குக் காத்திருக்கிறான்? பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், விரிவுரைக்குப் போகிற பஸ்ஸில் முதன்முதலாக ஒன்றைத் திறந்தேன். அன்றைக்கு விரிவுரைக்குப் போகவில்லை.

ஆனால் நிம்மதியாகப் படிக்க விட்டால்தானே! ரசிகர்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணையத்தில் போடுவார்கள். கடைசிச் சுற்று வருவதற்குள் அவர்களுக்குப் பரீட்சை வந்துவிடும், இல்லாவிட்டால் கலியாணம் வந்துவிடும், அதோடு சரி. நூலகத்தில் தேடினால் நடுவில் ஒரு பாகம் இருக்கும், முதல் பாகம் இருக்காது. கார்ட்டூன் தொடரைச் சந்தா கட்டியாவது பார்ப்போம் என்று போனால் பாதித் தொடர் வரும், அதற்குப் பிறகு 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று ஒரு கறுப்புத் திரை. நடிகர்களை வைத்து எடுத்த படம் மட்டும் முழுதாகக் கிடைத்தது. அது கிடைக்காமலே இருந்திருக்கலாம். அவ்வளவு பெரிய கதையை இரண்டு மணி நேரத்துக்குள் அமுக்கியிருந்தார்கள். யோசனை முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு முறைப்பை மட்டும் வைத்திருந்தார்கள். ஒருவன் முறைக்கிறான், காயை மேசையில் ஓங்கி அடிக்கிறான், பின்னணியில் மேளம், மற்ற மூவரும் வாயைப் பிளக்கிறார்கள். எதற்கு வாயைப் பிளக்கிறார்கள் என்று படம் எடுத்தவருக்கே தெரிந்திருக்காது.

என் கூட்டாளிக்கு அந்தப் படம் உயிர்.

"முகத்தைப் பாரு லா. அந்த முகம் போதும். காயெல்லாம் யாருக்கு வேணும்?"

"காய்தான் கதையே!"

"எங்க ஊர்ல பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆடும்போது எவளும் இப்படி வேர்த்துக் கொட்ட மாட்டா. கச்சான் கடலை சாப்புட்டுக்கிட்டு ஊர்க்கதை பேசிக்கிட்டு ஆடுவாங்க."

அவளுக்கு ஆட்டம் தெரியும், எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். ஈப்போவில் அவர்கள் மூன்று பேராக ஆடுகிற வகை அது. சின்ன வயதிலிருந்து கை பழகியது. நானோ மங்காவிலும் தொலைபேசியிலும் மட்டும் ஆடியவள். தொலைபேசியில் எதிரே ஆடுகிற முகம் தெரியாதவர்கள், தோற்கிறோம் என்று தெரிந்ததும் காணாமல் போய்விடுவார்கள். மேசையில், கையில் காய் பிடித்து, நாலு பேராக, முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை ஒரு முழு ஆட்டம் நான் ஆடியதே இல்லை. சீனக் கடையில் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தேன். ஆள்தான் இல்லை.

"மூணு பேரா ஆடலாம் லா. உங்கம்மாவைக் கூப்புடு."

"மூண்டு பேரா ஆடினா அது மாஜோங் இல்லை."

"ஓஹோ. எங்க ஊர்ல ஆடுறது அப்ப என்ன, பல்லாங்குழியா?"

மே மாதத்தில் அவளுக்குக் கடல் தாண்டிப் பெர்த்தில் வேலை கிடைத்தது. அண்ணன் அங்கே இருக்கிறார், சம்பளமும் கூடுதல். இங்கிருந்து எல்லோரும் போகிற பாதைதான். செவ்வாய்க்கிழமை விமானம். அதற்கு முந்திய ஞாயிறு மத்தியானம் ஒன்றுதான் மிச்சம். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. அவள் போவதற்கு முன் அவளோடு ஒரு முழு ஆட்டம், ஒவ்வொருவரும் தனக்காக, நேர்மையாக. முகத்தைப் பார்க்காமல், எறிகிற காயை மட்டும் பார்த்தே மனதைப் படிக்கலாம் என்பதை அவள் கண்முன் காட்ட வேண்டும். அவளைத் தோற்கடித்தால் இன்னும் நல்லது.

நகரின் மறுகோடியில், ஹென்டர்சனில், ஒரு சென்னைக்காரர் இருந்தார். மங்கா பேசுகிற குழுவில் அறிமுகமானவர். மூன்று ஞாயிறாக வருவதாகச் சொல்லி மூன்று ஞாயிறும் வராதவர். அன்றைக்கும் "வந்துட்டே இருக்கேன்" என்று செய்தி வந்தது. பிறகு "மோட்டர்வேல செம டிராஃபிக்". கடைசியில் "சாரிங்க, அடுத்த வாரம் கண்டிப்பா".

அடுத்த வாரமாம்!

என் கூட்டாளி எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு அம்மா கொடுத்த வடையைத் தின்றுகொண்டிருந்தாள். "அதான் சொன்னேனே, மூணு பேரு."

நான் அப்பாவைப் பார்த்தேன். பிறகு அம்மாவை. இரண்டு பேரையும் சேர்த்தால் நாலு.

"சூதாட்டமோ? எங்கட வீட்டிலயோ?" என்றார் அம்மா.

"காசு இல்லை அம்மா. சும்மா புள்ளிதான்."

"காசில்லாட்டில் பிறகேன் உமக்கு இவ்வளவு பதட்டம்?"

அப்பா அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முந்நூற்றிநாலு என்றால் பைத்தியம். யாழ்ப்பாணத்துக் காட்ஸ் விளையாட்டு, அதாவது சீட்டாட்டம். யார் வீட்டுப் பிறந்தநாளானாலும் கேக் வெட்டி முடிந்ததும் இவர்கள் ஒரு மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். நாலு பேர் ஆடுவார்கள், எதிரும் புதிருமாக உட்காருகிறவர்கள் சோடி. இந்தப் பக்கத்தில் இவர்கள் சோடியை வென்றவர்கள் குறைவு.

அப்பா மேசையின் ஒரு பக்கம் உட்கார்ந்தார். அம்மா போய் அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தார். நான் எதையும் யோசிக்கவில்லை. மிச்சமிருந்த இடத்தில் நானும் அவளும் எதிரெதிராக உட்கார்ந்தோம்.

விதிகளைச் சொன்னேன். காய்களில் மூங்கில், வட்டம், எழுத்து என்று மூன்று இனம், கையில் பதின்மூன்று காய். ஒன்றை எடுத்து ஒன்றை எறிய வேண்டும். மூன்று மூன்றாக நாலு கட்டும் ஒரு இரட்டையும் சேர்ந்தால் வெற்றி. அடுத்தவர் எறிந்த காயை எடுத்தும் வெல்லலாம். அப்படி வென்றால், எறிந்தவர்தான் புள்ளி முழுவதையும் கொடுக்க வேண்டும். இப்படிச் சின்ன ஆட்டங்கள் பல சேர்ந்ததுதான் ஒரு முழு ஆட்டம்.

"சோடி ஆர் ஆரோட?" என்றார் அப்பா.

"சோடி இல்லை அப்பா. ஒவ்வொராளும் தனிய."

"ஓம், ஓம், விளங்குது."

காய்களைச் சுவர் மாதிரி இரண்டு அடுக்காக அடுக்க வேண்டும். என் சுவர் இரண்டு முறை சரிந்தது. மங்காவில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. அப்பா ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் சரக்குத் தட்டுகளை அடுக்குகிற வேலை செய்கிறவர். "பலட் அடுக்கிற மாதிரித்தானே" என்று ஒரே தள்ளில் நேராக்கிவிட்டார். ஆட்டம் தொடங்கியது.

முதல் ஆட்டம் அம்மாவுக்கு, அப்பா எறிந்த காயில். இரண்டாவதும் அம்மாவுக்கு, அதுவும் அப்பா எறிந்த காயில். புதிதாக ஆடுகிற மனிதர், கண்டதையும் எறிகிறார் என்று பரிதாபப்பட்டேன். நான்தான் அம்மா எறிந்த காய்களையெல்லாம் வரிசையாகப் பார்த்து, அம்மா எதைச் சேர்க்கிறார் என்று மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறையும் அப்பா ஒரு காயை அம்மாவுக்கு முன்னால் பரிசு மாதிரி வைத்தார்.

"அப்பா! நீங்கள்தான் முழுப் புள்ளியும் குடுக்க வேணும், விளங்குதோ?"

"குடுத்தா என்ன? எங்கட பக்கத்திலதானே நிக்குது."

"பக்கம் எண்டு ஒண்டு இல்லை!"

"எதிரில இருக்கிறா. பிறகென்ன?"

அப்போதுதான் என் கூட்டாளி சிரிக்கத் தொடங்கினாள். மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆன்ட்டி வளையலைத் தொட்டா மூங்கில், தோட்டைத் தொட்டா வட்டம். நான் ரெண்டாவது ஆட்டத்துலயே பாத்துட்டேன் லா!"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா காதுத்தோட்டிலிருந்து கையை எடுத்தார்.

இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து, இருமலிலும் விரல் அசைவிலும் சேதி சொல்லி, மூன்றாமவனை மொட்டையடிப்பது என்றால் மாஜோங் மங்காவில் அதுதான் உச்சக் குற்றம். அதைக் கண்டுபிடிக்கிற காட்சிகளை நான் எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன்! என் வீட்டு மேசையில், எனக்கு ஒரு முழம் தள்ளி, என் பெற்றோர் அதைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது களவு என்றே தோன்றவில்லை. சோடிக்குக் கொடுக்காமல் விளையாடுவதுதான் அவர்களுக்குக் களவு.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. யாருடைய புள்ளியாவது பூச்சியத்துக்குக் கீழே போனால் ஆட்டம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அப்பா கொடுத்துக் கொடுத்து அடிமட்டத்தில் நின்றார். இன்னும் ஒரு முறை கொடுத்தால் என் முழு ஆட்டம் பாதியில் போய்விடும்.

"அப்பா, கெஞ்சிக் கேக்கிறன். இனிக் குடுக்காதேங்கோ."

"சரி பிள்ளை, அழாதை." அம்மாவைப் பார்த்தார். "இஞ்சரும், இனி நீர் எனக்குத் தாரும்."

அடுத்த ஆட்டத்தில் அம்மா கொடுத்தார். அப்பா உயிர் தப்பினார். ஆட்டமும் தப்பியது. நான் வாயை மூடிக்கொண்டேன். எப்படியாவது கடைசிச் சுற்றுக்குப் போனால் போதும் என்றாகிவிட்டது. அவர்கள் எப்படி வேண்டுமானாலும் ஆடட்டும். நானும் அவளும் ஒழுங்காக ஆடுகிறோம், அது போதும்.

கடைசி ஆட்டத்தில் எனக்கு மூங்கிலாக வந்து குவிந்தது. ஒரே இனத்தில் முழுக் கையும் சேர்ப்பது பெரிய வெற்றி. ஆனால் எளிதில் பிடிபட்டுவிடும், ஏனென்றால் நாம் மூங்கிலைத் தவிர மற்றதையெல்லாம் எறிந்துகொண்டிருப்போம். பார்க்கத் தெரிந்தவர்கள் மூங்கிலைக் கைவிடவே மாட்டார்கள். எனக்கு ஒன்றாம் மூங்கில் ஒன்று மட்டும் வேண்டும், பறவைப் படம் போட்ட காய். முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டேன். அவள் ஒரு காயை எடுத்தாள், பார்த்தாள், தன் கையின் ஓரத்திலிருந்து பறவையை உருவி என் பக்கமாக வைத்தாள்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். காய்களை மேசையில் கவிழ்த்தேன். உண்மையைச் சொன்னால் ஓங்கி அடித்தேன், அந்தக் கேவலமான படத்தில் வருகிற மாதிரியே.

"நான் என்ன எறிஞ்சனான் எண்டு ஒருக்கா எண்டாலும் பாத்தனியா? முழுக்க மூங்கில்! இதைத்தான் ஒவ்வொரு நாளும் உனக்குச் சொல்லுறனான். காயைப் பார், காயைப் பார் எண்டு!"

அவள் தன் காய்களைத் திருப்பிக் காட்டினாள். மூன்று கட்டுகள் முடிந்திருந்தன. அவளும் கடைசி ஒரு காய்க்குத்தான் காத்திருந்திருக்கிறாள். இரட்டையாக இரண்டு பறவை வைத்திருந்தாள். அதில் ஒன்றை உடைத்துத்தான் எனக்கு வைத்திருக்கிறாள்.

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"அங்கிள் ஆன்ட்டிக்குக் குடுக்குறாரு. நான் யாருக்குக் குடுக்குறது? எனக்கு எதிர்ல நீதானே இருக்க."

"அச்சா!" என்றார் அப்பா. "இந்தப் பிள்ளைக்கு விளையாட்டு விளங்கிட்டுது."

நான் காய்களைக் கலைத்துத் தள்ளினேன். "நான் உன்னை வெல்லோணும் எண்டுதான் இவ்வளவு நாளும் கிடந்து துடிச்சனான். நீ குடுத்து நான் வெல்லுறதுக்கில்லை."

"நாளன்னைக்கு நான் போறேன் லா. உன்னைத் தோக்கடிச்சு என்ன பண்ணப்போறேன்?"

"இன்னொருக்கா ஆடுவம். கடைசி ஒண்டு மட்டும்."

அம்மா மேசையைத் துடைக்கத் துணியோடு வந்துவிட்டார். அவளுடைய வீட்டுச் சாமான்களைப் பார்க்க ஆட்கள் வருகிற நேரம். மெத்தையும் அலுமாரியும் விற்க வேண்டும். அவள் செருப்பைப் போட்டாள். அம்மா மிச்ச வடையைக் கட்டிக் கொடுத்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கார் வரை நானும் போனேன், குடை இல்லாமல். அவள் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். நல்லபடியாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது இதுதான்:

"இந்த ஆட்டம் செல்லாது."

"சரி, செல்லாது. அப்ப முழு ஆட்டம் இன்னும் ஆடல."

"ஆடேல்லை."

"அப்ப நீ பெர்த்துக்கு வந்துதான் ஆகணும். வரும்போது அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வா. இன்னும் ரெண்டு பேரை நான் பாத்து வைக்கிறேன்."

"ஒவ்வொருத்தரும் தனிய விளையாடுவினம் எண்டு முதலே சொல்லிவை."

"அதெல்லாம் சொல்ல முடியாது லா" என்றபடி அவள் காரைப் பின்னால் எடுத்தாள்.